வாடையில்லாக் கடல்

2024 டிசம்பரில் உம்மாவையும் என்னையும் தம்பி அபுதாபிக்கு அழைத்திருந்தான். அங்கு அவன் வேலைக்குப் போய்ப் பதினாறு வருடங்களாகின்றன. இரண்டு பிள்ளைகளும் பிறந்தது அங்கேதான். உம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி, சீனி, கொஞ்சம் பிரசர். இனியொரு முறை விமானம் ஏறுவாரோ தெரியாது என்பதால் பாடசாலை விடுமுறையோடு விடுமுறையாக நானும் கூடப் போனேன்.

எனது தோட்பையில் உம்மாவின் மருந்துகளோடு இன்னுமொன்றும் இருந்தது. புத்தளத்து நொத்தாரிசு ஒருவர் எழுதித் தந்த அற்றோணித் தத்துவப் பத்திரத்தின் வரைவு. மன்னார் தெற்கில், மரிச்சுக்கட்டிக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊரில் உம்மாவின் பேரில் முக்கால் ஏக்கர் காணி இருக்கிறது. உம்மாவின் உம்மா கொடுத்த சீதனக் காணி. அதை வாங்க ஓர் ஆள் வந்திருந்தார். நல்ல விலை. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கிறேன். தம்பிக்கும் புத்தளத்தில் பாதியில் நிற்கும் வீட்டை முடிக்க வேண்டும். இருவரும் தொலைபேசியில் பல முறை கதைத்து முடிவெடுத்திருந்தோம். உம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. "இஞ்ச வரட்டும் நானா. பிள்ளையளோட சந்தோசமா இரிக்கிற நேரம் பாத்துக் கேப்பம்" என்றான் தம்பி.

அந்தச் சந்தோசமான நேரமாகத்தான் ஒரு சனிக்கிழமை யாஸ் தீவிலுள்ள சீவேர்ல்ட் பூங்காவைத் தெரிவு செய்திருந்தான். முஸஃப்பாவில் இருந்து காரில் அரை மணித்தியாலம் பிடித்தது. டிக்கற்றின் விலையைக் கேட்டேன், சொல்லவில்லை. மதினிதான் பிறகு சொன்னார். அதை இலங்கை ரூபாவுக்கு மாற்றிப் பார்க்காமல் இருக்க அன்று முழுவதும் முயன்றேன்.

சீவேர்ல்ட் என்ற பெயரில் முதல் பூங்கா அமெரிக்காவின் சான் டியேகோவில் 1964இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் திறந்த முதலாவது பூங்கா அபுதாபியில் இருப்பதுதான். 2023 மே 23இல் திறந்தார்கள். ஒரு இலட்சத்து எண்பத்து மூவாயிரம் சதுர மீற்றர் பரப்பு. பெரும்பகுதி கூரைக்குக் கீழேயே இருக்கிறது. வெளியே பாலைவனம், உள்ளே கடல். அமெரிக்கப் பூங்காக்களின் பெயரையும் பணத்தையும் வளர்த்தவை ஓர்க்கா எனப்படும் கறுப்பு வெள்ளைத் திமிங்கிலங்கள். அவற்றை அடைத்து வைத்து ஆட்டுவது சரியா என்ற கேள்வி 2013இல் ஒரு விவரணப்படம் வந்த பிறகு பெரிதாகி, 2016இல் இனி ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்ய மாட்டோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அபுதாபிப் பூங்காவில் ஆரம்பத்திலிருந்தே ஓர்க்கா கிடையாது. டொல்பின்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் எனக்கு வழி நெடுகச் சொல்லிக் கொண்டு வந்தது தம்பியின் பதினொரு வயது மகள். பாடசாலையில் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அவளது தமிழில் பாதி இங்கிலீசு. ஆனாலும் என்னைப் 'பெரியவாப்பா' என்று மட்டும் பிசகாமல் கூப்பிடுகிறாள்.

உம்மாவுக்கு ஒரு சக்கர நாற்காலி எடுக்கலாமென்று மதினி சொன்னார். "நான் வருத்தக்காரியா?" என்று கேட்டுவிட்டு உம்மா நடந்தார். தம்பியின் சின்னவன், ஐந்து வயது, முன்னால் ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தான். சனக்கூட்டம். உம்மா அவனது சேட்டின் பின்பக்கத்தைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அன்று பின்னேரம் வரை அந்தப் பிடியை அவர் விடவில்லை.

முதலில் நாங்கள் நுழைந்தது அபுதாபியின் சொந்தக் கடலைக் காட்டும் பகுதிக்குள். பாய்மர வள்ளங்கள், பழைய கடைத்தெரு, முத்துக்குளித்து வாழ்ந்த காலத்தின் சாயல்கள். எண்ணெயைக் கப்பலேற்றத் தொடங்கியது 1962இல்தான். அதற்கு முன்னர் இந்தக் கரைகளுக்குச் சோறு போட்டது முத்து. 1930களில் யப்பானியரின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் ஒன்றாக வந்து அந்தத் தொழிலை முடித்து வைத்தன. காலில் கல்லைக் கட்டி, மூக்கில் இடுக்கி மாட்டி, இடுப்புக் கயிற்றோடு அரபிகள் கடலுக்குள் இறங்கினார்கள். வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவனுக்கு அரபியில் 'ஸைப்' என்று தனிப் பெயரே உண்டு. நான் இதைச் சொன்னதும் உம்மா நின்றுவிட்டார்.

"எங்கட அப்பாவும் கயிறு பிடிச்சவர்தானே" என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்பா என்றால் தகப்பனல்ல, பாட்டன். உம்மாவின் பாட்டனார் பதினைந்து வயதில் மரிச்சுக்கட்டிச் சலாபத்தில் கயிறு பிடித்தவர். வெள்ளைக்காரன் நடத்திய பெரிய சலாபங்கள் 1903 முதல் 1907 வரை நடந்தவை. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. முழுகியவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்களும் எங்கள் ஊர்க்காரரும் மட்டுமல்ல, குடாக் கரைகளிலிருந்து கூட்டமாக வந்த அரபிகளும் அதில் இருந்தார்கள். யாருமில்லாத மணல் வெளியில் இரண்டு மாதத்துக்கு ஒரு பட்டணம் எழும்பும். கிடுகுக் கொட்டில்கள், நீதிமன்று, ஆஸ்பத்திரி, சாராயத் தவறணை, பள்ளிவாசல் எல்லாம் வரும். எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு முழுகியவர்களுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. 1906இல் அங்கு கடமைக்கு வந்த லெனார்ட் வுல்ஃப் என்ற இளம் அதிகாரி, பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரிய எழுத்தாளரானவர், அந்தச் சலாபத்தைத் தனது சுயசரிதையிலும் ஒரு சிறுகதையிலும் எழுதியிருக்கிறார். அதே வருடம் கடலை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு இருபது வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்களில் சிப்பியில்லை. 1912இல் கம்பெனியும் இல்லை.

வுல்ஃபை உம்மாவுக்குத் தெரியாது. உம்மாவிடம் இருப்பது வேறு சரித்திரம். அதை அங்கேயே, அரபுக் கடைத்தெருவின் ஓரத்தில் ஒரு பலகையில் இருந்து கொண்டு, பேத்திக்குச் சொல்லத் தொடங்கினார்.

"கயிறு பிடிக்கிறவன் கண்ணச் சிமிட்டப்படாது மகள். கீழ போனவன் ஒருக்காக் கயித்த இழுத்தா, மற்றக் கணம் தூக்கோணும். சுணங்கினா மவுத்துத்தான். அப்பா கயிறு பிடிச்சது ஒரு அரபிக்கு. பாசை தெரியாது. அவன் ஸலாம் சொல்லுவான், இவர் பதில் சொல்லுவார். அதுக்கு மேல பேச்சில்ல. ரெண்டு மாசமும் கயித்தாலதான் பேசினதாம்."

"அந்த அரபி அபுதாபியா வாப்பும்மா?"

"ஆருக்குத் தெரியும். கடலால வந்தான், கடலால போனான்."

சுறாவுக்கு என்ன செய்தீர்கள் என்று பேத்தி கேட்டாள். சலாபத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார் என்பது நம்பிக்கை. அவருக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது. கடல்கட்டி கரையில் இல்லையென்றால் முழுக்காளிகள் இறங்க மறுத்துவிடுவார்களென்பதால் வெள்ளைக்காரனும் சிரித்துக்கொண்டே கூலியைக் கொடுத்தான். எங்கள் அப்பா அதை நம்பவில்லையாம். ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே கயிற்றைப் பிடித்தாராம். பேத்தி இதைத் தன் தொலைபேசியில் பதிவு செய்து கொண்டாள். உம்மா இவ்வளவு நேரம் தொடர்ச்சியாக ஊரைப்பற்றிக் கதைத்து நான் கேட்டுப் பல வருடங்கள்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். தோட்பை அப்போது எனது முதுகில்தான் இருந்தது.

பனிப் பிரதேசங்களுக்கான பகுதியில் வால்ரஸ்களையும் பென்குயின்களையும் பார்த்தோம். குளிர். உம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, "இதுகளுக்கு இது நல்லமாக்கும்" என்றார். பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்ன விளையாட்டு வண்டிகளில் ஏறி இறங்கினோம். தம்பியும் மகளும் பெரிய வளைவு வண்டியில் ஏறினார்கள். நாங்கள் கீழே நின்று அலறலைக் கேட்டோம். உணவகத்தில் மீனும் பொரித்த உருளைக்கிழங்கும் வாங்கினான் தம்பி. மீனைப் பார்க்க வந்த இடத்தில் மீன் தின்பது எனக்கு என்னவோ போலிருந்தது. உம்மாவுக்கு அப்படி எதுவுமில்லை. உப்புப் போதாது என்றார். லுஹர் தொழுதோம்.

டொல்பின் காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகுதான், பொய் சொல்வானேன். நாலைந்து டொல்பின்கள் ஒரே நேரத்தில் நீரைக் கிழித்து மேலே வரும்போது சபையிலிருந்த எல்லோரும், நான் உட்பட, வாயைத் திறந்துவிட்டோம். பாய்ந்து விழுந்ததும் அவை கரையோரம் வந்து வாயைத் திறக்கின்றன. பயிற்றுநர் ஒவ்வொன்றுக்கும் மீன் போடுகிறார்.

"பசிக்குத்தானே பாயுது" என்று உம்மா மெதுவாகச் சொன்னார்.

எனக்கு 1991ஆம் வருடம் ஞாபகத்துக்கு வந்தது. புத்தளத்து முகாமில் நிவாரண அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற காலம். யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்றால் அன்று பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து நிறுத்துவார்கள். பாடி முடித்தால் பால்மா. தம்பிக்கு அப்போது பதினொரு வயது, நன்றாகப் பாடுவான். அவனுக்கு அது ஞாபகமிருந்ததோ என்னவோ, எல்லோரும் கைதட்டும்போது அவனும் தட்டினான்.

"பாவமில்லை வாப்பும்மா" என்றாள் பேத்தி. "இதுகள் கடல்ல பிடிச்சதில்ல. தொட்டியிலயே பிறந்தது எண்டு மிஸ் சொன்னாங்க. பிறந்ததிலயிருந்து தொட்டிதான். அதனால கடலத் தேடாது."

இருக்கலாம். எனது மூன்று பிள்ளைகளும் புத்தளத்தில் பிறந்தவர்கள். 1990 ஒக்டோபரின் கடைசி வாரத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், அந்தக் கூட்டத்தில் தங்கள் வாப்பா பதினெட்டு வயதுப் பையனாக ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்ததும் அவர்களுக்குக் கேட்ட கதை, அவ்வளவுதான். 2009க்குப் பிறகு ஊருக்குப் போய்வர வழி திறந்தபோது ஒரு முறை அவர்களைக் கூட்டிப் போனேன். பற்றைக்காடு, இடிந்த சுவர், வெயில். மூத்தவள் கேட்டாள்: "நமக்கு இஞ்ச என்ன வாப்பா இரிக்கு?" அதற்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. காணியை விற்கலாம் என்ற எண்ணம் அன்றைக்கே விழுந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. எங்கள் பகுதிக் காணிகளில் ஒரு பங்கு 2012இல் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் வந்தது. இருபத்திரண்டு வருடம் ஆளில்லாமல் மரம் வளர்ந்த இடம் காடாகிவிட்டது. உம்மாவின் காணி எல்லைக்கு வெளியே தப்பி நின்றது. எல்லை எப்போது நகருமோ என்ற பயமும் விற்கச் சொன்னது. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமான காரணங்களோடு ஒருவன் ஏன் கடதாசியை ஒளித்துக்கொண்டு திரிய வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கடைசியாகத்தான் பெரிய தொட்டிக்கு வந்தோம். 'முடிவில்லாக் கடல்' என்று பெயர். இரண்டரைக் கோடி லீற்றர் தண்ணீர். அதற்குள் அறுபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்கள் என்கிறார்கள். சுறாக்கள், திருக்கைகள், ஆமைகள், கூட்டமாகத் திரும்பும் மீன்கள் இங்கேதான். பல மாடி உயரக் கண்ணாடி. அதன் முன்னால் மனிதர்கள் சிறுத்துப் போய் நிற்கிறார்கள். எனது சிறு வயதில் தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் சுவரில் பதித்த சிறிய கண்ணாடிப் பெட்டிகளில் மீன் பார்த்ததை நினைத்தேன். அங்கே மீன் சிறியது, நாங்கள் பெரியவர்கள்.

உம்மா கண்ணாடிக்குக் கிட்டப் போனார். சின்னவனும் சேட்டோடு இழுபட்டுக் கூடவே போனான். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். "இது பாரை... அந்தா திருக்கை. இதுட வால எடுத்துத்தான் முந்தி சவுக்குச் செய்யிறது... பால்சுறா இல்ல இது, வேற சாதி. பால்சுறா எண்டா பிள்ளப் பெத்தவளுக்கு வறை வறுத்துக் குடுக்கலாம்." பக்கத்தில் நின்ற பிலிப்பினோக் குடும்பம் ஒன்று உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆவுளியா இல்லையா?" என்று கேட்டார்.

ஆவுளியா என்பது எங்கள் கடலின் கடற்பசு. மன்னார்க் குடாவில் அருகிப்போய்விட்டது. எங்கள் ஆட்கள் தின்று தீர்த்ததும் அதற்கு ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் பார்த்தவரை அங்கே தொட்டியில் அது இல்லை. ஆனால் வெளியே அபுதாபியின் நிஜக் கடலில் ஏறத்தாழ மூவாயிரம் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவுக்கு அடுத்தபடியாக அவை கூடுதலாக வாழும் இடம் இதுதான். வேட்டை தடை, கடற்புல் பாதுகாப்பு என்று கவனமாக வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும், "அப்ப இஞ்சயாவது இரிக்கட்டும்" என்றார் உம்மா.

பிறகு தன் மூக்கைக் கண்ணாடிக்கு நெருக்கமாகக் கொண்டு போனார்.

"இது என்ன கடல் மகன். இவ்வளவு தண்ணிக்கு ஒரு வாடையுமில்லையே."

நான் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. "அப்பா சொல்லுவார், சலாப காலத்துல சிப்பிய அழுகப் போட்டு வச்சிருக்கிற நாத்தம் மூணு கட்டைக்கு அடிக்குமாம். ஆக்கள் மூக்கப் பொத்திக்கொண்டு தின்னுவாங்களாம். எங்கட வாசல்ல நிண்டா கருவாட்டு வாடை, பாசி வாடை, வள்ளத்துக்குப் பூசுற எண்ணை வாடை. உங்கட வாப்பா வீட்ட வாறத்துக்கு முந்தி அவர்ட வாடை வந்துடும். புத்தளத்துக்குப் போய் அவர் கடலுக்கு இறங்கவேயில்ல. அங்கயும் கடல் இரிந்திச்சுத்தானே. அது நம்மட கடல் இல்லையாம். ஏழு வருசம் சும்மா குந்திக் குந்தி மவுத்தாப் போனார். அப்ப அவர் மேல ஒரு வாடையும் இருக்கயில்ல."

வாப்பா 1997இல் காலமானார். உம்மா இதை இதற்கு முன் எங்களிடம் சொன்னதில்லை. தம்பி குனிந்து மகனின் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பிள்ளைகள் இருவரும் பின் இருக்கையில் உறங்கிவிட்டார்கள். சின்னவனின் சேட்டு இன்னும் உம்மாவின் கையில். முஸஃப்பா பாலத்தை அண்மித்தபோது உம்மா கேட்டார்.

"அந்தக் கடதாசியில நான் எங்க ஒப்பம் வைக்கோணும்?"

தம்பி காரின் வேகத்தைக் குறைத்தான். நான் எந்தக் கடதாசி என்று கேட்கவில்லை. அந்த அளவு வெட்கம் எனக்கு மிஞ்சியிருந்தது.

"மருந்து எடுக்கக்குள்ள கண்டன். வந்த அண்டே கண்டுட்டன். ரெண்டு ஆம்பிளப் பிள்ளையள். ஒருத்தனுக்காவது வாய் இரிக்கெண்டு பாத்தன்."

"உம்மா, உங்கட பேத்திட கலியாணத்துக்கு..." என்று நான் தொடங்கினேன்.

"தெரியும் மகன். குமருக்குச் செய்யத்தான் வேணும். நான் வேணாமெண்டு சொல்லயில்ல." சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கிணத்த ஒருக்காப் பாத்துட்டுச் சொல்றன். அது வாப்பா கட்டின கிணறு. தூந்திருந்தா ஒப்பம் வைக்கிறன். தண்ணி இரிந்தா யோசிப்பம்."

வேறெதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மதினி தேத்தண்ணீர் ஊற்றினார். தம்பி அன்றிரவு வெகுநேரம் மாடத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "நானா, வீட்டு வேலைய நான் மெதுவாச் செய்யலாம். உங்கட பாடு?" என்று கேட்டான். எனது பாட்டுக்கு என்னிடம் பதிலில்லை. இன்றுவரையும் இல்லை.

2025 ஜனவரியில் ஊர் திரும்பிய பத்தாம் நாள் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. பாதையெல்லாம் சேறு. பற்றையை வெட்டிக்கொண்டு போக அயலில் மீளக் குடியேறியிருந்த ஒரு பையன் வந்தான். கிணற்றின் கட்டுச் சுவரில் ஒரு பக்கம் விழுந்திருந்தது. உள்ளே ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. எட்டிப் பார்த்தோம். கீழே இருட்டுக்குள் வானத்தின் ஒரு துண்டு அசைந்தது.

"தண்ணிதான்" என்றான் பையன்.

அள்ளிப் பார்க்கக் கயிறில்லை. திரும்ப வாகனமேறிச் சிலாவத்துறைச் சந்திக் கடைக்கு வந்தோம். கடைக்காரர் நைலோன் கயிற்றுச் சுருளை எடுத்துப் போட்டு எத்தனை மீற்றர் என்று கேட்டார். உம்மா பதில் சொல்லவில்லை. கயிற்றின் நுனியை வாங்கி, இரண்டு கைகளையும் அகல விரித்து, நெஞ்சுக்குக் குறுக்காகப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று பாகக் கணக்கில் அளக்கத் தொடங்கினார்.